கன்னத்தில் வைத்துப் பார்த்த துவக்கு

களிமண் தட்டு உடைந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன், ஒரு சனிக்கிழமை விட்பிக்கு அப்பால் இருந்த சுடுதிடலுக்கு என்னைக் கூட்டிப்போனான். இயந்திரம் செம்மஞ்சள் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். விழுமுன் சுட வேண்டும். முதல் ஆறும் தப்பின. ஏழாவது கிளம்பியபோது, ஊரில் சோதனைச் சாவடியில் துவக்கின் பின்கட்டையான சோங்கால் என் வலது கன்னத்தை உடைத்த சிப்பாயின் முகத்தை அதில் வைத்துப் பார்த்தேன். தட்டு தூளாகிப் போனது. அதன்பின் அதிகம் தப்பவில்லை.

சொந்தமாக ஒரு துவக்கு வாங்குவதென்று அன்றே முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் உடைந்த கோப்பைகள் கொஞ்சமல்ல. மனைவி மறுப்புச் சொல்லவில்லை. ஊரில் எந்தத் துவக்குக்காரர் வாசல் படலைக்கு வந்தாலும் அவள்தான் முன்னால் போவாள். ஒரு சிரிப்புச் சிரித்து, "ஒரு பிரச்சினையும் இல்லை. இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்" என்பாள். வந்தவர் என்ன கேட்டாலும் எங்கள் தெரு முழுக்க அதுதான் பதில். அந்தச் சிரிப்பால் நான் உயிர் தப்பிய நாட்களும் உண்டு.

கடைக்கும் அவள் கூட வந்தாள். கடைக்காரர் நல்ல மனிதர், ஐம்பது வயதிருக்கும். இரட்டைக்குழல் ஒன்றையும் செமி ஒட்டோமற்றிக் ஒன்றையும் மேசையில் வைத்தார். இரட்டைக்குழலை நடுவில் மடித்தால் உள்ளே தோட்டா இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். ஆனால் தோளிலும் கன்னத்திலும் பலமாக உதைக்கும். செமி ஒட்டோமற்றிக்கில் வெடிக்கும் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுவதால் உதை குறைவு. உங்கள் கன்னத்துக்கு இதுதான் நல்லது என்றார். விழுந்து உடைத்துக்கொண்டதாக அவருக்குச் சொல்லியிருந்தேன்.

பிறகு அளவு பார்த்தார். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் திறந்து பார்த்துவிட்டு என் கையில் தந்தார். கன்னத்தைச் சோங்கில் பதித்து அவருடைய கண்ணைக் குறிபார்க்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால்தான் என் கண் குழலுக்கு நேராக இருக்கிறதா என்று தெரியுமாம். விசையில் விரல் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். குளிர்ந்த மரம் பழைய காயத்தில் பட்டது. குழலின் நுனியில் ஒரு நீலக் கண். அதுவரை நான் குழலின் மறுபக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். உடம்பெல்லாம் கொதித்தது. விசையை இழுத்தேன். டிக் என்றது. திரும்பவும் இழுத்தேன்.

கடைக்காரர் துவக்கை மெல்ல என் கையிலிருந்து வாங்கினார். இன்றைக்குப் போதும் என்றார். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவி வாசலடியில் நின்றாள்.

வெட்கம் வந்தால் எனக்குப் பிடிவாதமும் சேர்ந்து வரும். அந்தக் கிழமையே அனுமதிக்கு விண்ணப்பித்தேன். ரொறன்ரோவில் வேறு கடையா இல்லை? அனுமதி கொடுக்குமுன் மனைவியிடமும் விசாரிப்பார்களாம். கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் போன் எடுத்து மனைவியைக் கேட்டார். குசினி அடுப்படியில் நான் அவள் தோளோடு நின்றேன். அவர் கேட்டது எனக்கும் கேட்டது. உங்கள் கணவரிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா?

அவள் என்னைப் பார்த்தாள். "நோ பிரொப்ளம், சேர்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"போனைக் கோணலா வைச்சிட்டீர். பொலிஸ் எண்டதும் பயந்திட்டீரோ?" என்று கேட்டேன்.

"அவர் போனிலதானே," என்றாள். "நீங்கள் பக்கத்தில நிண்டியள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். படலையடியில் சிரித்த அதே சிரிப்பு. அதை நான் எப்போதும் அவளுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன். எனக்கு நேரே அது வந்தது அன்றுதான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அனுமதி தபாலில் வந்த அன்றே, அவள் பார்த்திருக்க அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் எறிந்தேன். காகிதம் கிழிந்த சத்தத்துக்கு அவள் ஓரடி பின்னால் போனாள். பிறகு அதற்கும் சிரித்தாள்.

"ஒரு பிரச்சினையும் இல்லை," என்றாள். "இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."