கிளார்க்கம்மா வாசித்த பாக்கிப் பட்டியல்

அன்று காலை பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலக வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள்: தலைவர், வார்டு உறுப்பினர்கள் நான்கு பேர், ரைஸ்மில்காரர், அவருடைய தம்பிகள் இருவர், டீக்கடைக்காரர், மேலத்தெருவிலிருந்து ஆண்கள் பதினொரு பேர், பெண்கள் ஏழு பேர். எங்கள் கீழத்தெருவிலிருந்து என் மதினி, காது கேட்காத பெரியவர் ஒருவர், பிறகு நான். ஆக முப்பது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரியும் கிளார்க்கம்மாவும்கூட இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை என்பதால் கணக்கில் வர மாட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் ஆள் தவறாமல் சொல்ல முடிகிறது என்றால், அன்று அந்த முப்பது பேரையும் நான் எட்டுத் தடவை எண்ணியதால்தான். எட்டுத் தடவையும் முப்பதுதான் வந்தது. கிராம சபை செல்லுபடியாக ஐம்பது பேர் வேண்டும். மீதி இருபது பேர் வராமல் போனதற்குக் காரணம் நான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊராட்சியில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டு, டேங்க் நிரம்பியதும் நிறுத்தி, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலை. வால்வை அடைத்துவிட்டுப் பாதி தூரம் வந்த பிறகு, அடைத்தோமா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அடைத்துத்தான் இருக்கும். மறுபடி பாதி தூரம் வந்ததும், திரும்பிப் போனபோது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று தோன்றும். "கொழுந்தனாரு ஒரு வால்வ அடைக்கிறதுக்குள்ள நான் ஒரு ஏக்கர் களை எடுத்துருவேன்" என்பாள் மதினி. கிராம சபை நாட்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் தலை எண்ணுவதும் என் பொறுப்பு. பயந்தவனிடம் கொடுத்தால் கணக்கு பிசகாது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தது கிளார்க்கம்மாதான்.

அவர் எங்கள் ஊராட்சியின் செயலர். கிளார்க் என்றுதான் ஊர் கூப்பிடும். அவனியாபுரத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் தினமும் வருவார். தலையில் ஹெல்மெட், அதன் மேல் வெயிலுக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டு தெரு முனையில் தெரிந்தாலே வீட்டு வரி பாக்கி உள்ளவர்கள் கொல்லைப் பக்கமாகப் போய்விடுவார்கள். கொல்லைப் பக்கத்திலும் அவரே நிற்பார். அதட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். "சரி, ஒரு சொம்புத் தண்ணி குடுங்க" என்று உட்கார்ந்துவிடுவார். அவர் எழுந்து போக வேண்டுமே என்பதற்காகவே கட்டியவர்கள் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் தபாலில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பாடமும் தேறிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து அரசியல் சட்ட வரலாறு என்ற ஒன்று மட்டும் மூன்று தடவை அவரைக் கவிழ்த்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டேங்கின் நிழலில் நாற்காலி போட்டு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்வார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். நான் டேங்க் நிரம்பக் காத்திருப்பேன். "சும்மாதான இருக்க தம்பி, புடி" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கண்ணை மூடி ஒப்பிப்பார். ஒரு சொல் தவறினாலும் நான் நிறுத்துவேன். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் எழுத்து தெரியுமே. 1919 சட்டம், மாகாணங்களில் இரட்டை ஆட்சி, யார் கையில் எந்த இலாகா என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். பிறகு 1935 சட்டம் வரும். கூட்டாட்சி, மாகாண சுயாட்சி, வாக்குரிமைக்கான தகுதிகள். சொத்து உள்ளவர், வரி கட்டுகிறவர், படித்தவர், இப்படிப் போகும். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் தடுமாறுவார். திரும்பத் திரும்பச் சொல்லி, ஒருவழியாகச் சரியாக வந்து, பக்கத்தைத் திருப்புகிற நேரத்தில் டேங்க் நிரம்பி மேலிருந்து தண்ணீர் கொட்டும். நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடுவேன். அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் மட்டும் ஏதோ நினைப்பில், "நம்ம அரசியல் சட்டத்துல நெறைய இந்த முப்பத்தஞ்சுல இருந்து அப்படியே வந்ததுதான் தம்பி" என்றார். அது என் மனதில் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

கல்லுப்பட்டிக்குப் போகிற சாலை நான்கு வழியானபோது எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அலுவலகம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் மேற்கே. கீழத்தெரு மட்டும் கிழக்கே. எங்கள் பெண்கள் இருபது கிலோ அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டு நடுச்சுவர் ஏறி இறங்க வேண்டும். அந்த வருடம் கார்த்திகையில் மதினி அப்படி ஏறும்போது கால் வழுக்கி விழுந்தாள். அரிசி ரோடெல்லாம் சிதறியது. வந்த லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மதினிக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அதன் பிறகு கிளார்க்கம்மா ஒரு தீர்மானம் எழுதினார்: வாரத்தில் இரண்டு நாள் கீழத்தெருவில் பகுதிநேர ரேஷன் கடை வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் வைப்பது என்று முடிவானது. மேலத்தெருவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர்கள் பக்கத்துக் கடை பூட்டியிருக்கும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே கை தூக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு கிளார்க்கம்மா வீட்டு வரி பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கீழத்தெருவில் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள். நானும் இருந்தேன், மூன்று வருடப் பாக்கியோடு. வரி கட்டினால்தான் ஓட்டு. புத்தகத்தில் நானே கையில் பிடித்துப் பார்த்த எழுத்து. அந்தச் சட்டம்தான் அப்படியே வந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பழைய சட்டமாயிற்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் டேங்க்கூடப் பழையதுதான், தண்ணீர் வரத்தானே செய்கிறது. பாக்கியோடு போய்க் கை தூக்கினால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, வால்வு திறக்கப் போன வீட்டிலெல்லாம் சொன்னேன்: "வரி பாக்கி இருக்கவுக கிராம சபைக்கு வராதீக. சட்டத்துல இருக்கு. நானே படிச்சேன்." எப்போதும் என் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள். அன்று தெருவே மதித்தது. மதினி மட்டும், நான் சொன்னால் அது நடக்காது என்ற நம்பிக்கையில் கிளம்பி வந்தாள். பெரியவர் வந்ததற்குக் காரணம், நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

பதினொன்றே கால் ஆனதும் ரைஸ்மில்காரர் எழுந்து வேட்டியை உதறினார். "கோரம் இல்ல, அம்பது பேரு சேரல. தீர்மானம் வேணும்னு கேட்டவுகளே வரல. டீயக் குடிச்சிட்டுக் கிளம்புவோம்." அடுத்த சபை மே மாதத்தில். அதற்குள் மதினி எத்தனை தடவை அரிசி மூட்டையோடு அந்தச் சுவர் ஏற வேண்டும் என்று என் மனம் தானாக எண்ண ஆரம்பித்தது. கிளார்க்கம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "என்ன தம்பி, ஒங்க தெரு ஆளுக எங்க?" வேலை போகட்டும் என்று முடிவு செய்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வந்ததையெல்லாம் படிச்சியே, வராததப் படிச்சியாய்யா? அந்தச் சட்டத்துல இருந்து நம்ம சட்டத்துக்கு வராத பெரிய சமாச்சாரமே அதுதான். வயசு வந்தா ஓட்டு. வரியும் கெடையாது, சொத்தும் கெடையாது, படிப்பும் கெடையாது. அடுத்த பக்கத்துலயே இருக்கு!"

"அடுத்த பக்கத்துக்குள்ள டேங்க் நெறஞ்சிரும்மா" என்றேன். அதற்கு மறுபடி சிரித்தார்.

மில்காரர் இதைக் கேட்டுவிட்டார். "அவன் சொன்னதுல என்ன தப்பு? வரி கட்டாதவுக எப்படிக் கை தூக்கலாம்? நாங்க அம்புட்டுப் பேரும் கட்டியிருக்கோம்ல" என்றார். கிளார்க்கம்மா சிரிப்பை விடாமலே அவரிடம் திரும்பினார். "அண்ணே, அந்தக் காலத்துச் சட்டப்படி பாத்தா மில்லு ஒங்கப்பா பேர்ல இருக்கு. அவருக்கு ஓட்டு உண்டு. ஒங்களுக்கும் ஒங்க தம்பிகளுக்கும் சந்தேகந்தான். என்ன செய்யப் போறீக, உக்காந்திருக்கீகளா, எந்திரிக்கிறீகளா?" தம்பிகளில் இளையவர் பக்கென்று சிரித்துவிட்டார். தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மில்காரர் உட்கார்ந்தார்.

பிறகு கிளார்க்கம்மா நேராக அறிவிப்புப் பலகைக்குப் போய், தான் ஒட்டிய பாக்கிப் பட்டியலைக் கிழியாமல் உரித்து எடுத்தார். மைக்கை வாங்கினார். கூம்பு ஸ்பீக்கரைக் கிழக்குப் பக்கம் திருப்பச் சொன்னார். "யாரு பயந்துபோய் வீட்ல இருக்காகளோ அவுக பேரு பூராம் இதுலதான இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். கதவு எண், பெயர். கடைசியில் ஒவ்வொருவருக்கும் அதே வாக்கியம்: "பாக்கி அப்படியே இருக்கட்டும். கைய மட்டும் கொண்டாங்க." முதலில் வாசித்தது என் பெயரை. பக்கத்தில் நின்ற எனக்கு அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் எதிரொலித்துத் திரும்பி வருவது கேட்டது. ஊரில் என் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுச்சுவரின் மேல் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் நான்கு, அப்புறம் ஒரு கூட்டம். தலையில் எண்ணெய் வைத்துப் பாதியில் விட்டு ஒருத்தி வந்தாள். பால்காரர் கேனோடு வந்தார். ஒரு பெண் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு, ஜப்திக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டே வந்தாள். கோழிக்கடைக்காரர் வரும்போதே கத்தினார்: "ஏம்மா, என் பேர ஊருக்கே மைக்ல சொல்லிட்டீகளே! சரி, என் சகலபாடி பேரச் சொன்னீகளா?" சொல்லியாயிற்று என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள் நின்று வழிவிட்டன. ஒரு டிரைவர் இறங்கி, "என்ன மாப்ள, கோயில் கொடையா?" என்று கேட்டார். நான் எண்ணினேன். முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தாறு. ஐம்பதாவது தலை வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் ஐம்பத்தேழு.

தீர்மானத்தை வாசித்தார்கள். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். கீழத்தெரு மொத்தமும் தூக்கியது. பெரியவர் என்ன ஏது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கினார். மதினி அவருடைய ஒரு கையை இறக்கிவிட்டாள். மேலத்தெருப் பெண்களில் மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்லத் தூக்கினார்கள். மதினி விழுந்த அன்று அரிசியைக் கூட்டி அள்ளிக் கொடுத்தவர்கள் அவர்கள். நான் எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்திரண்டு. இன்னொரு தடவை. முப்பத்திரண்டு. தலைவர் பார்க்கிறாரே, வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று என் இரண்டு கையும் பதிவேட்டைக் கட்டிக்கொண்டிருந்தன. "தம்பி, எண்ணுறவனுக்கும் ஒரு கை இருக்குல்ல" என்றார் கிளார்க்கம்மா. பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தூக்கினேன். முப்பத்து மூன்று. மற்றவர்கள் இருபத்து நான்கு. கீழத்தெருப் பெண்கள் போட்ட குலவையில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே மோட்டார நேரத்துக்கு நிறுத்து" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சிரித்துப் பேசியபடி வெளியே வந்தால், கேட்டுக்கு வெளியே ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறார் கிளார்க்கம்மா. "கையத் தூக்கியாச்சுல்ல? இப்ப அதே கையப் பைக்குள்ள விடுங்க." சந்தோஷத்தில் இருந்தவர்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. முந்தானையில் முடிந்து வந்த பெண் முதல் ரசீது வாங்கினாள். கோழிக்கடைக்காரர் தன் சகலபாடி எவ்வளவு கட்டினார் என்று பார்த்து ஒரு வருடம் கூடக் கட்டினார். அந்த மாதத்தைப் போல வரி வசூலானது அதற்கு முன்னால் இல்லை என்று பிறகு கிளார்க்கம்மாவே சொன்னார். நான்காவது தடவை அந்தப் பாடத்திலும் தேறினார். 1935 வாக்குரிமை பற்றிக் கேள்வி வந்ததாம். "எழுதும்போது சிரிச்சுட்டேன் தம்பி. பரீட்சை ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாக."

அவர் ஓய்வு பெற்று அவனியாபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் முதல் கேள்வி, "வால்வ அடச்சுட்டியா?" பகுதிநேரக் கடை எங்கள் தெரு முனையில் ஒரு தகரக் கொட்டகையில் செவ்வாயும் வெள்ளியும் திறக்கிறது. மதினி வீட்டிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் போய் அரிசி வாங்கி வருகிறாள். வரிக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. புதிதாக வந்திருக்கிற செயலர் தம்பி நல்ல பிள்ளை. "அண்ணே, அம்புட்டு பயப்படுற ஆளு நீங்க, வரிய மட்டும் ஏன் கடைசி நாள் வரைக்கும் இழுக்குறீக?" என்று நேற்றுக் கேட்டார். கரண்ட் பில்லை வந்த அன்றே கட்டுகிறவன் நான். மளிகைக் கடையில் சில்லறை பாக்கி வைத்தால்கூடத் தூங்க மாட்டேன். ஆனால் அந்தக் கிராம சபைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஜனவரி சபை முடிகிற வரை வீட்டு வரியைக் கட்டுவதில்லை. பாக்கியோடு போய் உட்கார்ந்து, பாக்கியோடு கையைத் தூக்கி, அப்புறம்தான் போய்க் கட்டுவேன். பயந்தவனுக்கு வருடத்தில் ஒரு துணிச்சல்.

நாளை ஜனவரி 26. யார் யார் வருவார்கள் என்று இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறேன். தலைவர், உறுப்பினர்கள் நால்வர், மில்காரரின் மகன், மதினி, மதினியின் மருமகள், நான். பட்டியலில் என் பெயருக்கு நேரே நிற்கிற பாக்கி: நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.