நான் கலக்காத மருந்து

பேசும் படம் வேலூருக்கு வராத காலம். கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த நானும் என் தோழியும் ஒரு சனிக்கிழமை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொலைப் படம் ஒன்று பார்த்தோம். அவள் ஆம்பூர்க்காரி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை.

படத்தில் ஒருவன் கொலை செய்கிறான். அவனுடைய நண்பன், தானே அவன் என்று சொல்லி, அவன் பெயரிலேயே சிறைக்குப் போகிறான். "இதுவல்லவோ நட்பு!" என்று முழங்கினார் கதை சொல்பவர். விசில் பறந்தது. தோழி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, தப்பித்த கொலைகாரன் கடைத்தெருவில் போகிறான். யாரோ அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட, திரும்பாமல் நடக்கிறான். இனி அந்தப் பெயருக்கு அவன் திரும்ப முடியாது. அவன் வாய் கோணிப்போனது. அந்த இடத்தில் கதை சொல்பவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "எனக்கோசரம் நீ அப்படி பண்ணுவியா?" என்றாள்.

"தப்பிச்சவன் மூஞ்சிய பாத்தியா?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டா, பரீட்சை வெக்கிறா பாரு. போடி."

அடுத்த வாரமே அது வெறும் பேச்சாக இல்லாமல் போனது. தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து கை வெந்துபோன ஒருவருக்குத் தடவும் மருந்து எழுதியிருந்தது. தோழிதான் கலக்கினாள். சிவப்புச் சீட்டுக்குப் பதில், குடிக்கும் மருந்துக்கான வெள்ளைச் சீட்டை ஒட்டிவிட்டாள். அவர் வராந்தாவிலேயே ஒரு வாய் குடித்து, வாந்தி எடுத்தார். பிழைத்துக்கொண்டார்.

அன்று மருந்தறையில் இருந்த எங்கள் இருவரையும் டாக்டர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அறை வாசலில் தோழி என் கையைப் பிடித்தாள்.

"நீ கலக்கினதா சொல்லிடு. நீ ஜாஸ்தி மார்க் வாங்கறவ, திட்டிட்டு வுட்டுருவாங்க. என்னை ஊருக்கே அனுப்பிடுவாங்க."

மூன்று விஷயங்கள் எனக்குத் தெளிவாக இருந்தன. அவள் சொன்னது நிஜம். அவளை ஊருக்கு அனுப்பினால் அதோடு படிப்பு முடிந்தது. நான் ஒப்புக்கொண்டால், அடுத்த சீட்டை ஒட்டும்போது அவள் கை என்னை நம்பித்தான் ஒட்டும்.

"மாட்டேன். காட்டியும் குடுக்க மாட்டேன். நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நல்ல தோஸ்த்துடி நீ!"

உள்ளே டாக்டர் அம்மா, "யார் கலக்கினது?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. "ரெண்டு பேரையும் அனுப்பிடட்டுமா?" என்றார். அப்போதும் நான் அசையவில்லை.

"நான்தாம்மா," என்றாள் தோழி. அடுத்து தன் முழுப் பெயரையும் சொன்னாள், ஏதோ புதிதாகச் சேர வந்தவள் போல.

ஊருக்கு அனுப்பவில்லை. ஆறு மாதம் மருந்து கலக்கக் கூடாது, பாட்டில் கழுவ வேண்டும்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நானும் பாட்டில் கழுவும் தொட்டியடிக்குப் போனேன்.

"உனக்கு இன்னா வேலை இங்க?"

"பாட்டில் ஜாஸ்தியா கெடக்கு."

நான் கழுவி வைத்த முதல் பாட்டிலை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அழுக்கு போவல," என்று திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கழுவினேன்.