கழுவிப் பொட்டு வைத்த செயின்சாக்கள்

போன கிழமை அடித்த காற்றில் பக்கத்து வீட்டு மரக்கொப்பு ஒன்று முறிந்து எங்கள் வேலிமேல் விழுந்துவிட்டது. நாங்கள் இருக்கிற ஹில்ஸ்பரோவில் மரம் வெட்ட ஆள் கூப்பிட்டால் கொப்பை விட விலை பெரிதாக இருக்கும். கராஜில் கிடந்த செயின்சாவை எடுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். ஜன்னலால் எட்டிப் பார்த்த மனைவி, "காணும், விடுங்கோ. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட என்னால ஏலாது" என்றாள்.

விடுவேனா? ஒரு காலத்தில் இதுதானே என் சோறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயர் மூடியிலேயே மாட்டி, எஞ்சின் இரும்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். நல்ல மெஷின் என்றால் பிளக் நுனியில் நீலமாக ஒரு பொறி துள்ளும். துள்ளவில்லை. முதலில் சுவிட்சைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், "ஸ்பார்க் இல்லை" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டுத்தான் இழுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு பழைய பழக்கத்தில் வயர் மூடிக்குள் சுண்டுவிரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவினேன். விரல் காய்ந்துதான் வந்தது. ஆனால் பழைய ஞாபகம் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பழக்கம் விரி என்கிற தொழிற்பேட்டைப் பக்கத்தில் வந்தது. மெஷின்களை வாடகைக்கு விட்டு, திரும்பி வந்ததும் திருத்தி வைக்கிற ஒரு யார்டில் அப்போது வேலை செய்தேன். வாடகை மெஷினை மனிதர்கள் எப்படித் திருப்பித் தருவார்கள் என்று பார்த்தால் மனித குலத்தின் மேலுள்ள மரியாதை போய்விடும். நாய்ப் பீ ஒட்டிய புல்வெட்டி, எண்ணெயும் மரத்தூளும் களியாகி நாறும் செயின்சா. எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்: "நான் ஒண்டும் செய்யேல்லை, தானா நிண்டிட்டுது." வெள்ளைக்காரனும் அதைத்தான் சொன்னான், நம்மவனும் அதைத்தான் சொன்னான். வீட்டுக்குப் போய் எவ்வளவு சோப் போட்டாலும், சோற்றைப் பிசையும்போது பெட்ரோல் மணம் முன்னுக்கு வரும்.

யார்டின் சொந்தக்காரரை எல்லோரும் பெரியண்ணை என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து கனகாலம், கோயில் நிர்வாகத்தில் முக்கியப் புள்ளி. நெற்றியில் திருநீறு அழியாது. வாயில் "பிள்ளை", "ராசா" என்று தேன் ஒழுகும். அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முருகேசன், திருப்பூர்க்காரன். அவனுடைய விசா இந்த வேலையோடு கட்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட அப்ளிகேஷன் போட்டிருந்தான், முடிவு வரும் நேரம். ரோஸ்கிலில் ஒரு வீட்டுப் பின்னறையை ரென்ட்டுக்கு எடுத்து, மனைவிக்குக் குளிரும் என்று கம்பளி வாங்கி வைத்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு அந்தக் கம்பளியைத்தான் சுற்றிவரும். எனக்கே அலுத்துப்போய், "அவ வந்து போர்க்கிறதுக்கு முதல் நீ கதைச்சே அதைக் கிழிச்சுப்போடுவாய்" என்பேன். சிரிப்பான்.

ஆயுத பூசை வந்தது. யார்டில் அது திருவிழா. பூசைக்கு முதல் நாள் பெரியண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற வாட்டர் பிளாஸ்டரைத் தானே கையில் எடுப்பார். போர்க்லிப்ட், புல்வெட்டி, டிரில் என்று பேதமில்லை, எல்லாவற்றுக்கும் அபிஷேகம். ஊரில் லொறி கழுவிய ஞாபகம் அவருக்கு. முந்தின வருடங்களில் செயின்சாக்கள் உள்ளே அலுமாரியில் இருந்து தப்பிவிட்டன. அந்த வருடம் அவற்றையும் வெளியே வரிசையாக அடுக்கச் சொன்னார்.

முருகேசன் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னான்.

"ஐயா, செயின்சாவத் துணியால தொடச்சு வச்சிடறேன். தண்ணி அடிச்சா உள்ள எறங்கிடும். ஸ்பார்க் வராது."

"டேய் தம்பி, சாமிக்கு வைக்கிறதை ஊத்தையோடயோ வைக்கிறது? நல்ல நாளும் பெருநாளுமா அபசகுனமாக் கதையாத."

அடித்தார். குழாயை மூடியின் இடுக்கு, கயிற்றுத் துவாரம் என்று தேடித் தேடிப் பிடித்து அடித்தார். மறுநாள் பூசையில் சந்தனம், குங்குமம், பூ. போர்க்லிப்ட் சில்லுக்குக் கீழே தேசிக்காய். பூசையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்பதால், உள்ளே போன தண்ணீரும் ஆறுதலாக உள்ளேயே இருந்தது. கடலையும் அவலும் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி காலை, மரம் வெட்டும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெரிய செயின்சாவை எடுத்துப்போனார். ஒரு மணித்தியாலத்தில் முகம் சிவந்து திரும்பி வந்தார். இழுத்துப் பார்த்தோம், ஸ்பார்க் இல்லை. பெரியண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. முருகேசனைக் காட்டி ஆங்கிலத்தில், "புதுப் பையன் சர்வீஸ் செய்தது, இன்றோடு இவனுக்கு இங்கே வேலை இல்லை" என்றார். அவனுடைய ட்ரயல் பீரியட் முடியவில்லை. அதற்குள் நிறுத்துவதென்றால் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அவர் காரணமும் சொன்னார், அதுவும் பொய்.

நான்தான் அந்தச் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். முருகேசனும் பின்னால் வந்தான். புது பிளக் போட்டோம், பொறி இல்லை. சுவிட்ச் வயரைக் கழற்றிப் பார்த்தோம், இல்லை. பிளக் மூடியைப் பிதுக்கினேன். குங்குமம் கலந்த சிவப்புத் தண்ணீர் என் சுண்டுவிரலில் வழிந்தது. மேல்மூடியைத் திறந்தால் மின்சாரம் பிறக்கிற காயிலின் கால்களில் இரண்டே இரவில் செந்துரு, இடுக்கில் ஊறிப்போன சந்தனக் களி. வரிசையில் இருந்த மற்றவையும் அப்படியே. எல்லாவற்றையும் துடைத்து, சாப்பாட்டறை ஹீட்டருக்கு முன்னால் காய வைத்தோம்.

அடுத்த நாள் காலை முருகேசன் வேலையில்லாதவனாக வந்தான். பிளக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி பளிச்சென்று துள்ளியது. அவன் குழந்தை மாதிரி, "வந்திருச்சுண்ணே!" என்றான். இனி வேலையும் வந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பெரியண்ணையின் அறைக்குப் போய், "ஒரு பழுதும் இல்லை, தண்ணிதான். முருகேசனைத் திருப்பி வேலைக்கு எடுங்கோ" என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும், ராசா. ஆனா பூசைத் தண்ணியால மெஷின் நிண்டதெண்டு வெளியில கதை போனா, நான் கோயில்ல என்னெண்டு முகம் குடுக்கிறது?"

"அவன்ர விசா?"

"அவனுக்கு வயசிருக்குத்தானே. வேற இடம் கிடைக்கும்."

சொல்லிவிட்டுத் தட்டில் மிச்சமிருந்த விஜயதசமிப் பிரசாதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. நாய்ப் பீ ஒட்டிய புல்வெட்டியில் கை வைத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. பழுதான மெஷினாவது ஸ்பார்க் இல்லை என்றால் இல்லை என்று காட்டும். இந்த மனிதருக்கு உண்மை தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே புன்னகைத்தார்.

வேறு இடம் கிடைக்கவில்லை. மனைவியின் அப்ளிகேஷனும் அவனுடைய விசாவோடு விழுந்தது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பையில் இடமில்லாமல் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். திருப்பூர் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்காமல், தரையில் இழுபட்ட அதன் நுனியைத் தூக்கி அவன் தோளில் போட்டுவிட்டேன். அந்த மாதமே நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, எனக்கு விசாக் கவலை இல்லாத ரெசிடென்ஸ் இருந்தது. கொஞ்சக் காலம் போனில் கதைத்தோம், பிறகு அவன் நம்பர் மாறிவிட்டது.

விரியில் அந்த யார்ட் இப்போது இல்லை. ஜன்னலில்லாத வெள்ளைக் கிடங்கு ஒன்று அந்த இடத்தை மூடி நிற்கிறது. பெரியண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, கோயில் முன்வரிசை நாற்காலியிலிருந்து ஓய்வு பெறவில்லை. போன ஆயுத பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். வாட்டர் பிளாஸ்டரும் இல்லை, சாரத்தை மடித்துக் கட்டியவர்களும் இல்லை. மேசை நிறைய லேப்டாப்பும் போனும். பெரியண்ணை தன் போனைத் துணியால் பக்குவமாகத் துடைத்து, மோதிர விரலால் உலர்ந்த குங்குமத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். ஈரம் பட்டுவிடக்கூடாதே என்று ஊதியும் விட்டார். கழுவுவது பிழை என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, அந்த வழக்கம் சத்தமில்லாமல் போய்விட்டது. அதைச் சொன்ன ஒருவன் இருந்தான். அவனை அதற்கு முன்பே அனுப்பிவிட்டோம்.