ஒயரை வெட்டிய எலக்ட்ரீசியன்

கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் அந்த எலக்ட்ரீசியனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஓமலூரில் கடை. சரியான சிடுமூஞ்சி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கையிலிருக்கும் மீட்டரைத்தான் பார்ப்பார்.

என் காரில் பாட்டுக்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்தேன். ஃபியூஸ் அடிக்கடி போனதால் அந்த இடத்தில் நானே செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன். அப்புறமும் பாட்டுச் சத்தம் ஏறினால் ஹெட்லைட் மங்கியது. அவரிடம் பெரிய பேட்டரி போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி, லைட், பாட்டு மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"பேட்டரி என்னங்க பண்ணும்? டைனமோ குடுக்கற கரண்டுக்கு மேல உங்க பாட்டு குடிக்குது. டைனமோவ மாத்துங்க, இல்லீனா பாட்டக் கொறைங்க."

"நான் கேட்டத மட்டும் செய்யுங்க."

செம்புக் கம்பியைக் கண்டவர், கட்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் சடக்கென்று வெட்டினார்.

"வண்டியப் பத்த வெக்கோணும்னா உங்க ஊட்டு வாசல்ல வெச்சுக்கங்க."

வாயில் வந்தபடி திட்டிவிட்டுக் கிளம்பினேன். வெட்டிய ஒயருக்குப் பதிலாக நானே புது ஒயர் இழுக்கலாமென்று வீட்டில் பின் சீட்டைத் தூக்கினேன். என் மகள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே அந்த ஒயர் உருகி, மெத்தை கருகியிருந்தது.

இன்னமும் அந்தக் கடையைத் தவிர்த்துச் சுற்றித்தான் போகிறேன். எதிரில் பட்டால் நன்றி சொல்லியாக வேண்டும். அப்போதும் அந்த ஆள் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.