கழுத்துக்குப் பின்னால் கொஞ்சம் நீர்

மற்றவர்களுடைய கெட்ட செய்தியைத் தன் வாயால் சொல்லிக் கூலி வாங்குகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளன் என்று பெயர். சித்திக்காகவோ மாமாவுக்காகவோ ஆஸ்பத்திரியில் நின்று மொழிபெயர்த்த அன்பர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். 2009இல் கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் கர்ப்பிணிகள் பிரிவில் எனக்கு அந்த வேலை. அங்கே வந்த மாலதியும் கணவர் சிவாவும் பக்கத்துச் செவன் கிங்ஸ் பகுதிக்காரர். பல வருடம் காத்திருந்து உண்டான முதல் பிள்ளை.

செந்தமிழ்ச் சேவை

மூன்றாம் மாத ஸ்கேன். பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று பேறுகாலத் தாதியான மிட்வைஃப் மெதுவாகச் சொன்னார். இதற்கென்றே அகராதி புரட்டி வைத்திருந்தவன் நான். சிசுவின் பிடரிப்புற நீர்த்திரட்சி இயல்பை விஞ்சியுள்ளது என்று முழங்கினேன். எனக்கே மெய்சிலிர்த்தது. மாலதி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, பிள்ளை உயிரோடை இருக்குதோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

ஊரில் எவ்விடம்?

இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்ததில், குரோமோசோம் கோளாறு இருக்க இருபதில் ஒரு வாய்ப்பு என்று வந்தது. இது முடிவல்ல, வாய்ப்பு மட்டுமே; இப்படி இருபது தாய்மார் வந்தால் பத்தொன்பது பேரின் பிள்ளைக்கு அந்தக் கோளாறு இராது என்று மிட்வைஃப் விளக்கியதை, இம்முறை மனிதர் பேசும் தமிழில் சொன்னேன்.

சிவாவுக்கு வேறு யோசனை. ஊரில் எவ்விடம் என்று என்னைக் கேட்டார். வேலை விதிப்படி அதற்குப் பதில் சொல்லக்கூடாது. ஊர்ப்பெருமை விடவில்லை, சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்தது. மூன்று மாதம் கழியட்டும் என்று கர்ப்பத்தையே ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவர்கள். அவருடைய மாமி வாழ்க்கைப்பட்டதோ என் ஊரில்; என் மனைவி வாயால் செய்தி மாமி காதுக்குப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

“உங்களிலை குறை இல்லை, அண்ணை. உங்கடை மனுசி எந்தக் கோயிலுக்குப் போறவா?”

என் அபிப்பிராயம்

நிச்சயமாக அறிய வேண்டுமென்றால் ஊசியால் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலையும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. செய்வதும் விடுவதும் அவர்கள் விருப்பம். சிவா வேண்டாம் என்றார். நீங்களெண்டால் என்ன செய்வியள் என்று அவர் என்னைக் கேட்டார். இதைப்பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்தேன், நாக்குத் தினவெடுத்தது. ஆனாலும் கேள்வியை ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரின் அபிப்பிராயம் இங்கே தேவையில்லை என்றார் மிட்வைஃப். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மாலதி கணவர் பக்கம் திரும்பினாள்.

“அவரை ஏன் கேக்கிறியள்? வயிறு என்ரை. தெரியாமல் என்னாலை இருக்க ஏலாது.”

பரிசோதனை முடிவு

ஊரில் போர் நடந்த அந்த வருடம் அங்கிருந்து வந்த எந்தத் தொலைபேசி அழைப்பும் நல்ல செய்தி சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் போய் உட்கார்ந்தேன். குரோமோசோம்களில் கோளாறு இல்லை, நீர் கூடுதலாக இருந்ததால் பிள்ளையின் இதயத்தை மட்டும் பிறகு ஒருமுறை ஸ்கேன் செய்வோம் என்றார் மிட்வைஃப். தமிழில் சொல்லுமுன்பே எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த சிவா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாலதி தான் உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் இழுத்தாள்.

“அழுறதெண்டால் பிறகு அழுங்கோ, அண்ணை. முதல் என்னெண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். நல்ல செய்தியென்றால் சொல்லி முடித்தபின்தான் கண்கலங்குவது என்பது அன்றிலிருந்து என் தொழில் ஒழுக்கம்.