மூணு மணி மழை

பெங்களூருக்கு வெளியே சினிமா செட்டுகளாகவே போட்டு வைத்த ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். கேட்டைத் தாண்டியதும் எல்லாரும் வலது பக்கம் திரும்புவார்கள். நீங்கள் இடது பக்கம் போங்கள். பங்களா செட்டின் பெரிய படிக்கட்டில் ஏறி மூச்சு வாங்காதீர்கள், மேலே சுவர்தான் இருக்கிறது. மழைத் தெருவுக்கு வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு போகாதீர்கள். போன வாரம் ஆபீஸில் ஒருத்தி பிள்ளைகளோடு போகிறேன் என்று சொன்னதும் கால் மணி நேரம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று கேட்டாள். ஒரே தடவை என்றதும் அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அங்கே கால் வைப்பதற்கு முன்பே, அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

என் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். மழைத் தெரு என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் பலகையில் செய்து பெயின்ட் அடித்த கடைகள், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பாட்டுப் போடுவார்கள், பத்து நிமிஷம் மழை கொட்டும், ஜனங்கள் நனைந்து ஆடுவார்கள். அந்த மழையைத் திறந்து மூடுகிற ஆள் என் அப்பா. பலகைக்குப் பின்னால் உயரமாக ஒரு மேடை, அதில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு வால்வு, எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. ஊரில் எல்லாரும் அவர் சினிமாவில் இருப்பதாகத்தான் சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் போகிற வழியில் எங்கள் காடு, தென்னை வைத்த நிலம். அதில் மூன்று இடத்தில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். மூன்றாவதில் துளை போடுகிற லாரி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கத்தியும் வெள்ளைப் புழுதியைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்பா தலையிலிருந்து கால்வரை மாவு பூசினவர் போல நின்றார். தென்னை ஒவ்வொன்றாகக் குருத்து சாய ஆரம்பித்தது. மழை பெய்கிற வரைக்கும் நாலு மாசம் என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினார். அந்த நாலு மாசம் முடியாமலே இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் போன் வரும். அந்த நேரத்தில் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள். மணி அடித்ததும் எழுந்து, முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். "நல்லா இருக்கீங்களா, எப்ப வூட்டுக்கு வரீங்க" என்று இரண்டு வார்த்தை. உடனே அப்பா, கண்ணுவிடம் கொடு என்பார். அந்தக் கண்ணு நான்தான்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். "எழுதிக்கிறயா கண்ணு?" என்று ஆரம்பிப்பார். மழைத் தெருவில் இடது பக்கம் நிற்க வேண்டும், அங்கேதான் புதுக் குழாய், தண்ணீர் தடியாக விழும். மூணு மணி மழைக்கு அரை மணி முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். ஜெயில் செட்டில் கம்பி ரப்பர், வளைத்துப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் செட்டில் ஃபேன் நிஜமாகவே சுற்றும், வெயிலுக்கு அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். கேட்டில் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், துண்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில், "நம்மூரு மாதிரி இல்ல கண்ணு, இங்க திருப்புனா தண்ணி வருது" என்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருக்கும். நான் சிரித்து முடிப்பதற்குள் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவார். அம்மா போனுக்காகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அப்பா நல்லா இருக்காராம் என்று சொல்லிவிட்டு நான் நோட்டை மூடுவேன்.

ஊரில் எனக்கு வந்த மரியாதை இருக்கிறதே, அடேயப்பா! கல்யாணமான புதுசுகள், காலேஜ் படிக்கிற அண்ணன்கள், பெங்களூரில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள், எல்லாரும் அந்தப் பூங்காவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னைத் தேடி வந்தார்கள். நான் நோட்டைப் பிரித்து டீச்சர் மாதிரி வாசிப்பேன்.

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் அம்மா திடீரென்று போகலாம் என்றாள். நான் குதித்த குதியில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. காரணம் எனக்கும் தெரியும், ஆனால் அது ஒரு காரணமாகவே படவில்லை. எங்கள் காட்டுக்கு அடுத்த காடு பெரியப்பாவுடையது. அவர் போரில் மட்டும் எப்படியோ தண்ணீர் இருந்தது. அவர் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "அவன் வந்து நின்னு வெள்ளாம பாத்தான்னா என் போர்ல இருந்து தண்ணி வுடறன். ஆடிக்குள்ள வரச் சொல்லு. வல்லைன்னா காட்ட எங்கிட்டயே எழுதிக் குடுத்துருங்க. சும்மா காயப் போட்டு என்ன பண்றது?" அம்மா அதைப் போனில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்தாள். பாக்கலாம், கண்ணுகிட்ட குடு என்று பதில் வந்தது. ஆகவே நேரில் கேட்கக் கிளம்பினாள். அந்த ஒரு கேள்வியைத் தவிர அவளுக்கு அந்தப் பூங்காவில் வேறு ஒரு வேலையும் கிடையாது.

விடியற்காலையில் களி கிண்டி, கீரை கடைந்து, மூணு அடுக்கு டிபன் கேரியரில் போட்டு, துண்டுக்கு அடியில் வைத்தோம். கேட்டில் காவல்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் அம்மாவை வெற்றியோடு பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாரும் வலது பக்கம் திரும்பினார்கள். நான் அம்மா கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். நோட்டில் இருந்தபடியே எல்லாம் இருந்தது. ஜெயில் கம்பி ரப்பர்தான். ஃபேன் சுற்றியது. படிக்கட்டுக்கு மேலே சுவர்தான். அம்மா எதையும் பார்க்கவில்லை. நான் எங்கே இழுத்தாலும் வந்தாள், நடுநடுவே மணி கேட்டாள். அப்பாவுக்கு இரண்டு மணிக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு நேரம்.

மழைத் தெருவின் பின்பக்கம் ஒரு பெரிய தண்ணீர் டேங்க். அதன் நிழலில் அப்பா நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். இளைத்திருந்தார். கையெல்லாம் சலவைக்காரன் கை போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். களியைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் தொடாமலே வைத்திருந்தார். பிறகு வேகமாகச் சாப்பிட்டார்.

"உங்கண்ணன் தண்ணி வுடறேங்கறாரு. ஆடிக்குள்ள வந்துருங்க. ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, ஜெயில் கம்பிய வளைச்சுப் பாத்தியா?"

நான் வளைத்துக் காட்டினேன், கையாலேயே. இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

"உங்களத்தாங்க கேக்கறன். வருவீங்களா, மாட்டீங்களா? ரெண்டுல ஒன்னு சொல்லிருங்க. எனக்கு ஒத்தையில முடியல."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா களியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் தலையைத் தூக்கி அம்மாவை நேராகப் பார்த்தார். வாய் திறந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ சொல்லப் போனார். அப்போதுதான் நான், விவரம் தெரிந்த பெரிய மனுஷி, குறுக்கே விழுந்தேன்.

"அப்பா, ரெண்டரை ஆயிப்போச்சு! இப்பப் போனாத்தான் மூணு மணி மழைக்கு எடது பக்கம் எடம் கெடைக்கும்!"

அவர் வாயை மூடிக்கொண்டார். எழுந்து கையைக் கழுவினார். "பாத்தியா எம் மவளுக்கு இருக்கிற வெவரத்த" என்று என் தலையில் கை வைத்தார். அன்றைக்கு அந்தப் பூங்காவில் என்னைவிடப் பெருமைப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

இடது பக்கம் முதல் வரிசையில் நின்றோம். மூணு மணிக்கு இடிச் சத்தம் போட்டார்கள், பாட்டு ஆரம்பித்தது, மழை விழுந்தது. அம்மா ஒரு நிமிஷம் மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பையைத் திறந்தாள். டிபன் கேரியரைப் பிரித்து மூணு டப்பாவையும் வரிசையாகக் கீழே வைத்தாள். இரண்டு காலி பாட்டிலைத் திறந்து வைத்தாள். கேரியரின் மூடியைக் கூட மல்லாத்தி வைத்தாள். எங்கள் ஊரில் முதல் தூறல் விழுந்தால் பிள்ளைகள் வெளியே ஓடி வருவதற்கு முன்பே பாத்திரங்கள் வெளியே வந்துவிடும். அண்டா, குடம், வாணலி, தம்ளர் வரைக்கும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. இரண்டு வருஷமாக அவள் கைக்கு அந்த வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். யாரோ கத்திச் சிரித்தார்கள். ஒரு பையன் மழை உறை போட்ட போனில் படம் எடுத்தான். ஒரு பொம்பளை, "இந்த அம்மா வூட்டுக்குத் தண்ணி புடிச்சுட்டுப் போவுது பாரு" என்றாள். நான் நகர்ந்தேன். ஒவ்வோர் அடியாக நகர்ந்து, யார் பிள்ளையோ போல எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். அம்மா குனிந்தபடி ஒரு டப்பாவை நகர்த்தி, இன்னும் தடியாக விழுகிற இடத்தில் வைத்தாள்.

பாட்டு முடிந்தது. பத்து நிமிஷமும் முடிந்தது. மழை நிற்கவில்லை. ஜனங்களுக்கு ஒரே குஷி, ஓவென்று கத்தினார்கள். நான் பலகையில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். அப்பாவின் கண் மட்டும் தெரிந்தது. டப்பாக்கள் நிறைந்து வழிந்தன, பாட்டில்கள் நிறைந்தன, அதற்கப்புறமும் கொட்டிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் தெரு முழுக்க ஓடி வந்து, "நில்லிசு! நில்லிசு!" என்று கன்னடத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எவ்வளவு கத்தியும் நிற்கவில்லை. டேங்க் காலியாகித்தான் நின்றது.

பிறகு பலகை இடுக்கு வழியாகப் பார்த்தோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைவிட வயதில் சின்னவரான அந்தச் சூப்பர்வைசர், ஐந்து மணி மழைக்குத் தண்ணீருக்கு எங்கே போவேன் என்று ஒருமையில் பேசிக்கொண்டிருந்தார். என் அப்பா யார் முன்னாலும் கை கட்டி நான் பார்த்ததில்லை. அம்மா டப்பாக்களை மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கொக்கியைப் போட்டாள்.

எங்களை அனுப்ப அப்பா கேட் வரைக்கும் வந்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த தடவ மூணு மணி மழைக்கு நிக்காதீங்க கண்ணு. கடைசி மழைக்கு நில்லுங்க. கூட்டம் இருக்காது." நான் அங்கேயே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அம்மா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பஸ்ஸில் எனக்குத் தாகம் எடுத்து அந்த மழையில் ஒரு வாய் குடித்தேன். பிளீச்சிங் பவுடர் நாற்றம், குமட்டியது. ஓசூரில் பஸ் நின்றபோது அம்மா ஜன்னல் வழியாக ஒவ்வொரு டப்பாவாகக் கொட்டினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் தட்டித் தட்டிக் கொட்டினாள்.

ஆடியில் காடு பெரியப்பாவுக்குப் போயிற்று. கையெழுத்துப் போட அப்பா ஒரே ஒரு நாள் வந்தார். பத்திரம் எழுதுகிறவர் பிள்ளைகளோடு பெங்களூர் போகப் போவதாகச் சொன்னதும், உள்ளே போனால் இடது பக்கம் திரும்புங்கள் என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். அம்மா தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால பஸ்ஸில் அவர் திரும்பிப் போனார். அதற்கப்புறம் பொங்கலுக்கு வருவார், திருவிழாவுக்கு வருவார், விருந்தாளிக்குப் போடுவது போல அம்மா இலை போடுவாள். அவர் மொத்தமாகத் திரும்பி வந்தபோது முட்டி தேய்ந்து, படி ஏற முடியாமல், இனி வால்வு திருப்ப ஆகாது என்று அனுப்பப்பட்டு வந்தார். வந்து நிற்பதற்குக் காடு இல்லை.

ஆனால் எனக்கு அதெல்லாம் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் பூங்காவுக்குப் போய்விட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. சாயங்காலம் போன் அடித்தது. அம்மா வழக்கம் போலப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வருவாள், கையைத் துடைப்பாள் என்று பார்த்தேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. சாம்பலைத் தொட்டு, டிபன் கேரியரின் அடித் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை மணி அடித்ததும் நானே போய்ப் போனை எடுத்தேன்.

இன்றைக்கு முழு நேரமும் எனக்குத்தான் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுங்கப்பா, எழுதிக்கிறேன் என்றேன்.