ழ வைத்த பேர்

மகளுக்குப் பேர் தேட நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் நடுவில் ழ வரும் பேராக வைத்தேன். எங்கள் பக்கத்தில் ழ எல்லாருக்கும் சுத்தமாக வரும் என்ற திமிர்.

எல்கேஜி தொடங்கிய கொஞ்ச நாளில் டீச்சர் கூப்பிட்டுவிட்டார். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளை வாயே திறப்பதில்லையாம், காதைப் பரிசோதிக்கச் சொன்னார். டீச்சர் ஒடிசாக்காரர், கணவருக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை. அவர் என் மகள் பேரைச் சொன்னபோது ழ இருக்க வேண்டிய இடத்தில் ள உட்கார்ந்திருந்தது. காதுக்கு ஒன்றுமில்லை, இதுதான் விஷயம் என்று நிம்மதியானேன். ஆனால் டீச்சரைத் திருத்தலாமா? கோபத்தில் பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டால்? வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன்.

மறுநாள் நேரிலேயே போய், நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினேன். அவர் பல் டாக்டர் போல எட்டிப் பார்த்தார். பிறகு, தன் பேரை நான் மட்டும் ஒழுங்காகவா சொல்கிறேன் என்று சிரித்தார். அதன் முதல் எழுத்தை மூச்சோடு தள்ள வேண்டுமாம். நான் தள்ளியதில் மேசையிலிருந்த சாக்பீஸ் தூள் பறந்தது.

ஒருவழியாக அவர் நாக்கு மடங்கியது. மகளைக் கூப்பிட்டார். அருமையான ழ. அவள் திரும்பவில்லை, களிமண்ணில் பாம்பு உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் கூப்பிட்டேன். அசையவில்லை. காதுதானோ என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"ஏ மக்கா" என்று தன்னால் வாயில் வந்தது.

மகள் திரும்பினாள். கூடவே பாதி வகுப்பும் திரும்பியது.

அப்போதுதான் உறைத்தது. பேர் வைத்த அன்று காதில் ஓதியதோடு சரி, அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேரைத் தொடவில்லை. கொஞ்சினால் மக்கா, கோபம் வந்தால் ஏட்டி. பேர் பாட்டுக்கு ஆதார் அட்டையில் கிடந்தது.

இனி பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

"பேரு சொல்லிக் கூப்பிட அவ என்ன தாசில்தாரா?" என்றார் மாமியார். ஆனாலும் கூப்பிட்டார், ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் தொனியில்.

அடுத்த வாரம் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது, பிள்ளை 'யெஸ் மிஸ்' சொல்லிவிட்டாளாம். அவர் பேரை மூச்சோடு தள்ளி வாய்ஸ் மெசேஜில் நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வந்தார். "மக்கா, சாப்பிட்டியா?"

மகள் இடுப்பில் கைவைத்தாள். "எனக்குப் பேரு உண்டு. அதச் சொல்லு."

சொல்லியும் காட்டினாள். ழ வர வேண்டிய இடத்தில் ய வந்தது. அவள் அப்பா அதை அப்படியே, ய போட்டே, திருப்பிச் சொன்னார். திருத்தலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.